இன்றிரவு யாருக்கு மோசமாகும்? ஆஸ்பத்திரியில் ஏஐ போடும் ரிஸ்க் கணக்கு

ஒரு வார்டில் காய்ச்சலோடு எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கும் ஏறக்குறைய ஒரே மாத்திரை, ஒரே டிரிப்ஸ். ஏழு பேர் நாலைந்து நாளில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒருத்தருக்கு மட்டும் நள்ளிரவு தாண்டி மூச்சு வாங்கும், பிரஷர் இறங்கும், ஐசியூவுக்குக் கொண்டு ஓட வேண்டியிருக்கும். அந்த ஒருத்தர் யார் என்று மாலை ஆறு மணிக்கே சொல்ல முடியுமா? ஏஐ வைத்து நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்கிறார்கள் என்று செய்திகளில் வருவதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விக்குத்தான் வந்து நிற்கும்.

நாகர்கோவில் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மருத்துவப் பதிவேடுகள் பகுதியில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவனும் இல்லை. ஆனால் இந்த ஏஐ எதைப் படித்துக் கற்றுக்கொள்கிறதோ அந்தக் கேஸ் ஷீட்டுகளோடுதான் என் பொழுது போகிறது. "ஆள் பிழைப்பாரா மாட்டாரான்னு இனி கம்ப்யூட்டரே சொல்லிடுமாமே" என்று தெரிந்தவர்கள் பயந்துபோய்க் கேட்கிறார்கள். வேறு சிலர், அது வந்துவிட்டால் டாக்டர் கவனிக்காமல் விட்டார் என்ற பேச்சுக்கே இடமிருக்காது என்று நம்புகிறார்கள். இரண்டுமே சரியில்லை. ஏன் என்று முதலிலிருந்து வருகிறேன்.

ஏஐக்கு முன்பே இருந்த கணக்கு

ஆபத்தை எண்ணாக மாற்றுவது புதிய விஷயமே இல்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், ஆப்கார் 8/10, 9/10 என்று ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு. நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா ஆப்கார் 1952-இல் உருவாக்கிய முறை அது. பிறந்த குழந்தையின் இதயத்துடிப்பு, மூச்சு, தசைகளின் பலம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம், இந்த ஐந்துக்கும் 0, 1 அல்லது 2 போட்டுக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை குறைந்தால் குழந்தைக்கு உடனே உதவி வேண்டும் என்று அர்த்தம். அவ்வளவு எளிமையானது என்பதால்தான் எழுபது வருடம் கழிந்தும் பிரசவ அறைகளில் நிற்கிறது.

பெரியவர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய 'நியூஸ்' என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண். மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, ஆக்சிஜன் அளவு, வெளியிலிருந்து ஆக்சிஜன் கொடுக்கிறோமா, மேல் பிரஷர், நாடித்துடிப்பு, நினைவு தெளிவாக இருக்கிறதா, காய்ச்சல் எவ்வளவு, இந்த ஏழையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 5 வந்தால் டாக்டர் சீக்கிரம் வந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசர நிலை.

இதை ஒரு ஆளை வைத்தே பார்த்துவிடுவோம். நானே கற்பனை செய்த ஆள்தான். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்யும் ஒரு அண்ணன், வயது 58, மழைக்காலம், மூன்று நாள் காய்ச்சல், அட்மிட் ஆகியிருக்கிறார். காலையில் எழுதியது: காய்ச்சல் 100 டிகிரி, நாடி 96, மூச்சு 20, ஆக்சிஜன் 96, பிரஷர் 118. நாடிக்கு மட்டும் ஒரு மதிப்பெண், மற்றதெல்லாம் பூஜ்யம். மொத்தம் 1. மாலையில் காய்ச்சல் 101, நாடி 112, மூச்சு 24, ஆக்சிஜன் 95, பிரஷர் 104. ஆள் தெளிவாகத்தான் பேசுகிறார், கஞ்சி கூடக் குடித்தார். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் யாரையும் திடுக்கிட வைக்காது. காய்ச்சல்காரருக்கு நாடி கொஞ்சம் கூடத்தானே செய்யும் என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: காய்ச்சலுக்கு 1, நாடிக்கு 2, மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 1, பிரஷருக்கு 1. மொத்தம் 7. அவசர நிலை.

எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத் தவறும்போது மனிதக் கண்ணுக்கு அது தெரிவதில்லை, கூட்டுத்தொகைக்குத் தெரிகிறது. இந்தக் கணக்கின் பலமே இதுதான்.

பலவீனம் எங்கே என்றும் இதே ஆளை வைத்துச் சொல்லிவிடலாம். மூச்சு எண்ணுவதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், நோயாளியின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினால் போதும். ஆனால் ஒரு ராத்திரி ஷிஃப்டில் ஒரு சிஸ்டர் முப்பது நாற்பது பேரைப் பார்க்கிற இடத்தில் அந்த ஒரு நிமிடம் கிடைப்பதில்லை. அதனால் என்ன நடக்கிறது என்றால், மூச்சு என்ற கட்டத்தில் 20, 20, 20, 18, 20 என்று வரிசையாக எழுதப்பட்டுவிடுகிறது. இது நம் ஊர்க் குறை மட்டும் இல்லை, உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கவனித்துச் சொன்ன விஷயம்தான். நான் பார்த்த கேஸ் ஷீட்டுகளில் நிமோனியா நோயாளிக்கும் 20, குடலிறக்க ஆபரேஷன் முடிந்து நாளைக்கு வீட்டுக்குப் போகிறவருக்கும் 20. அந்தப் பால்வெட்டு அண்ணனுக்கும் மாலையில் 24-க்குப் பதில் 20 என்று எழுதியிருந்தால்? மொத்தம் 7 இல்லை, 5. அவசர நிலை என்பது 'டாக்டர் சீக்கிரம் பார்க்கட்டும்' என்று இறங்கிவிட்டது. ஆள் அதே ஆள், உடம்பு அதே உடம்பு.

சரி, ஏஐ இதில் எங்கே வருகிறது?

இதுவரை சொன்ன மதிப்பெண்களை நிபுணர்கள் உட்கார்ந்து பேசி, ஆய்வுகளைப் பார்த்து, முடிவு செய்தார்கள். மூச்சு 25-ஐத் தொட்டால் 3 போடு, நாடி 110-ஐத் தாண்டினால் 2 போடு என்று. ஏஐ முறையில் இந்த எண்களை ஆட்கள் தீர்மானிப்பதில்லை. ஏற்கெனவே சிகிச்சைக்கு வந்து போன ஐம்பதாயிரம், ஒரு லட்சம் பேரின் பதிவுகளைக் கணினிக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் வயது, நோய்கள், ரத்தப் பரிசோதனை, மணிக்கு மணி எடுத்த பிரஷர், நாடி, கொடுத்த மருந்து, கடைசியில் என்ன ஆனார் என்பது வரை இருக்கும். கணினி ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஊகம் சொல்லும், உண்மையில் நடந்ததோடு ஒப்பிடும், தவறியிருந்தால் எந்த விவரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதைக் கொஞ்சம் மாற்றும், மறுபடி ஊகிக்கும். இது லட்சக்கணக்கான முறை நடக்கும். அப்புறம், அது இதுவரை பார்த்தே இராத வேறு நோயாளிகளைக் கொடுத்துச் சோதிப்பார்கள். அந்தச் சோதனையில் தேறினால்தான் வெளியே விடுவார்கள், அல்லது விட வேண்டும்.

உள்ளே இருக்கும் கணித முறைகள் பல. சில வெறும் கூட்டல் பெருக்கல் சூத்திரங்கள், சில ஆயிரக்கணக்கான 'ஆம், இல்லை' கேள்விகளைக் கோத்தவை, சில நரம்பு வலைப்பின்னல் எனப்படுபவை. தொடக்கத்தில் இந்த வித்தியாசங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள்: சாட்ஜிபிடி மாதிரி நம்மோடு பேசுகிற ஏஐ வேறு, இது வேறு. இது பேசாது, கட்டுரை எழுதாது. நோயாளியின் விவரத்தை வாங்கிக்கொண்டு ஒரு எண்ணைத் தரும், அவ்வளவுதான்.

மதிப்பெண் முறையைவிட இதனால் என்ன லாபம் என்றால், ஏழு விவரத்துக்குப் பதில் எழுபது விவரத்தைப் பார்க்கும். இந்த நிமிடம் பிரஷர் என்ன என்பதோடு, மூன்று மணி நேரத்தில் எவ்வளவு இறங்கியது என்பதையும் பார்க்கும். 104 பிரஷர் ஒரு இளம்பெண்ணுக்கு வழக்கமான அளவாக இருக்கலாம், எப்போதும் 160-இல் இருக்கும் ஒரு வயசாளிக்கு அதே 104 பெரிய சரிவு. இதை எல்லாருக்கும் பொதுவான ஒரு பட்டியலில் எழுதிவைக்க முடியாது, போதுமான பதிவுகளிலிருந்து கற்ற கணினி பிடித்துவிடலாம்.

30 சதவீதம் என்றால் என்ன

கணினி ஒருவருக்கு '30 சதவீத ஆபத்து' என்று சொல்கிறது. இதைக் கேட்டதும் பலர் அந்த ஆளின் உடம்பில் முப்பது பங்கு கெட்டுவிட்டது என்றோ, பிழைப்பது கஷ்டம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். மழைக்கு 30 சதவீத வாய்ப்பு என்று வானிலை ஆய்வு மையம் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வோமோ அப்படித்தான் இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி நிலையிலுள்ள நூறு பேரை எடுத்தால் சுமார் முப்பது பேருக்கு நிலைமை மோசமாகலாம், எழுபது பேருக்கு ஆகாது. இவர் அந்த முப்பதில் ஒருத்தரா, எழுபதில் ஒருத்தரா என்பது கணினிக்குத் தெரியாது. அது நோயாளியின் விதியைச் சொல்வதில்லை, இவரை இன்னும் கொஞ்சம் அடிக்கடி போய்ப் பார் என்று சொல்கிறது.

அந்த 30 உண்மையிலேயே 30-தானா என்பது தனிக் கேள்வி. 30 என்று சொல்லப்பட்ட நூறு பேரில் நிஜமாகவே முப்பது பேருக்கு மோசமானால் கருவி சரியாக அளக்கிறது. ஐந்து பேருக்கு மட்டும் மோசமானால் வீணாகப் பயமுறுத்துகிறது, அறுபது பேருக்கு மோசமானால் தூங்க வைக்கிறது. ஒரு ஆஸ்பத்திரி இந்தக் கருவியை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பேன், அதுவும் எங்கேயோ எடுத்த கணக்கு போதாது, தன் நோயாளிகளிடம் எடுத்த கணக்கு வேண்டும்.

அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால்

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். ஆயிரம் நோயாளிகள். அவர்களில் நிஜமாகவே நிலைமை மோசமாகப் போகிறவர்கள் 20 பேர். கருவி ரொம்ப நல்ல கருவி, அந்த 20 பேரில் 16 பேரைப் பிடித்துவிடுகிறது. மோசமாகாத 980 பேரில் பத்தில் ஒருத்தருக்கு மட்டும் தவறாக அலாரம் அடிக்கிறது, அதாவது 98 பேர். ஆக மொத்தம் 114 அலாரம், அதில் உண்மையானவை 16. ஏழு தடவை ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு தடவைதான் விஷயம் இருக்கும். இது ஒரு உதாரணக் கணக்குதான், ஆனால் அபூர்வமாக நடக்கும் ஒன்றை முன்கூட்டியே கணிக்கப் போகும் எந்தக் கருவிக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ஆறு தடவை வெறுங்கையோடு திரும்பி வந்த சிஸ்டர் ஏழாவது தடவை மெதுவாக எழுந்து போனால் அவரைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை.

இந்த இடத்தில் செப்சிஸ் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கருவிகளில் நிறைய அதற்காகத்தான் செய்யப்படுகின்றன. கிருமித் தொற்றை எதிர்க்கப் போன உடம்பின் எதிர்ப்பே எல்லை மீறி, சிறுநீரகம், நுரையீரல் என்று உறுப்புகளைப் பழுதாக்கத் தொடங்குவதுதான் செப்சிஸ். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழைக்குப் பின்னால் வரும் எலிக்காய்ச்சலும் முற்றினால் இப்படித்தான் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். மணிக்கணக்கில் தாமதமானாலே ஆபத்து என்பதால் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் கருவிக்கு எல்லாரும் ஏங்குகிறார்கள். அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரிகளில் பயன்பாட்டில் இருந்த அப்படி ஒரு கருவியை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தங்கள் நோயாளிகள் 27,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளை வைத்துச் சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேரை அது தவறவிட்டிருந்தது. அதே நேரம் அட்மிட் ஆனவர்களில் 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடித்திருந்தது. தவறவிடுவதும் கூடுதல், வீண் அலாரமும் கூடுதல். வெளி ஆட்கள் சோதிக்கும் முன்பே அது அத்தனை வார்டுகளுக்குள் போய்விட்டது என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுபக்கமும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய இன்னொரு செப்சிஸ் கருவியை ஐந்து ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்திப் பார்த்து 2022-இல் எழுதினார்கள். கருவி எச்சரித்து, மூன்று மணி நேரத்துக்குள் டாக்டரோ நர்ஸோ அந்த எச்சரிக்கையைப் பார்த்து உறுதி செய்த நோயாளிகளிடையே இறப்பு குறைவாக இருந்தது. கவனியுங்கள், கருவி அடித்ததால் மட்டும் இல்லை. அடித்ததும் ஒரு ஆள் வந்து பார்த்த இடத்தில்தான் அந்த வித்தியாசம். கணிப்பு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், அதைக் கேட்டு எழுந்து வர ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும்.

பதிவேட்டில் இருப்பதைத்தான் அது கற்கும்

என் வேலைக்குப் பக்கத்திலுள்ள பகுதி இது, அதனால் கொஞ்சம் நீட்டித்துத்தான் சொல்வேன்.

நிமோனியா நோயாளிகளில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கணிக்க அமெரிக்காவில் 1990-களில் ஒரு முயற்சி நடந்தது. கணினி கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்று, ஆஸ்துமா இருப்பவர்களுக்கு நிமோனியாவால் சாகும் ஆபத்து குறைவு என்பது. எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ளாத விஷயம். ஆனால் பதிவுகளில் அப்படித்தான் இருந்தது. ஏன்? ஆஸ்துமாக்காரருக்கு நிமோனியா என்றதும் நேராக ஐசியூவில் போட்டுத் தீவிரமாகக் கவனித்தார்கள், அதனால் அவர்கள் பிழைத்தார்கள். கணினிக்கு அந்தக் கவனிப்பு தெரியவில்லை, பிழைத்தது மட்டும் தெரிந்தது. அந்தக் கணிப்பை அப்படியே நம்பியிருந்தால் ஆஸ்துமாக்காரரைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இப்போது நம் மாவட்டத்துக்கு வாருங்கள். இங்கே ஒருவருக்கு ரொம்ப முடியாமல் போனால் என்ன செய்கிறோம்? ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு போவோம், இல்லையென்றால் நேராகத் திருவனந்தபுரத்துக்கு வண்டியை விடுவோம். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் கைக்கெட்டும் தூரம். அப்படிப் போகிறவருக்கு முதலில் பார்த்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கும்? 'மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்' என்றோ, 'விருப்பத்தின் பேரில் டிஸ்சார்ஜ்' என்றோ. அதற்கு அப்புறம் அவர் பிழைத்தாரா என்பது இன்னொரு மாநிலத்தின் இன்னொரு ஆஸ்பத்திரியின் பதிவேட்டில் இருக்கும், நம்மிடம் இருக்காது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை, கடைசி நேரம் வீட்டில் இருக்கட்டும் என்று கூட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களும் எங்கள் பதிவேட்டின்படி உயிரோடு டிஸ்சார்ஜ் ஆனவர்கள்தான்.

இந்தப் பதிவேட்டைக் கொடுத்துக் கணினியைக் கற்கச் சொன்னால் அது எதைக் கற்கும்? மிக மோசமான நிலையிலிருந்தவர்களில் நிறையப் பேர் உயிரோடு வெளியே போயிருக்கிறார்கள், ஆகவே இந்த நிலை அவ்வளவு ஆபத்தில்லை என்று. நிமோனியாவும் ஆஸ்துமாவும் மாதிரி அப்படியே தலைகீழ்ப் பாடம். இதைக் கணினி தானாகக் கண்டுபிடிக்காது, தூரத்தில் உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறவருக்கும் தெரியாது. குழித்துறைப் பாலம் தாண்டி எந்த ஆம்புலன்ஸ் எங்கே போகிறது என்று தெரிந்த ஆள்தான் சொல்ல முடியும். அனுப்பி வைத்த நோயாளியின் வீட்டுக்கு ஒரு மாதம் கழித்துப் போன் செய்து என்ன ஆனார் என்று கேட்டு எழுதிவைக்கிற வேலையை யாராவது செய்தால், எந்த மென்பொருளை வாங்குவதைவிடவும் அது முதலில் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்கிறேன்.

எதைக் கணிக்கச் சொல்கிறோம் என்பதிலும் தவறு நடக்கும். அமெரிக்காவில் கூடுதல் கவனிப்பு யாருக்குத் தேவை என்று தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட ஒரு கணிப்பு முறை, நோயின் தீவிரத்தைக் கணிப்பதற்குப் பதிலாக அந்த நோயாளிக்கு எவ்வளவு செலவாகும் என்பதைக் கணித்தது. செலவு கூடினால் நோயும் கூடுதல் என்ற எண்ணம். ஆனால் கறுப்பின மக்களுக்கு, அதே அளவு நோய் இருந்தும், செலவழிக்கப்பட்டது குறைவு. அதனால் அவர்கள் ஆபத்துக் குறைந்தவர்கள் என்று கணினி ஒதுக்கிவிட்டது. 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு இதை வெளிக்கொண்டு வந்தது. பேச்சிப்பாறைக்கு மேலே மலைக் குடியிருப்புகளிலிருந்து இறங்கி வரும் ஒரு காணிக்காரப் பழங்குடி எத்தனை தடவை ஸ்கேன் எடுத்திருப்பார், எத்தனை ரத்தப் பரிசோதனை செய்திருப்பார்? பதிவு குறைவாக இருப்பதை ஆரோக்கியம் என்று ஒரு கணினி எடுத்துக்கொண்டால் அவர் கதி என்ன?

பரிசோதனையின் எண்ணை மட்டும் இல்லை, அது எடுக்கப்பட்ட நேரத்தையும் கணினி படிக்கும். 2018-இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், பல ரத்தப் பரிசோதனைகளில் முடிவைவிட அதை எப்போது எடுத்தார்கள் என்பதே நோயாளியின் நிலையைக் கூடுதலாகச் சொன்னது. யோசித்தால் புரிகிறது, விடியற்காலை மூன்று மணிக்கு ஒருவருக்கு ரத்தம் எடுக்கச் சொன்னால் டாக்டர் ஏற்கெனவே பயந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம். அப்படியானால் கணினி நோயைக் கண்டுபிடித்ததா, டாக்டரின் பயத்தைக் கண்டுபிடித்ததா? டாக்டருக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிற கருவிக்கு ஆஸ்பத்திரி ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கருவிகளின் குறையும் உள்ளே வரும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி கருமையான தோலில் சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைந்திருந்ததை அது தவறவிட்டது, வெள்ளையர்களிடம் தவறவிட்டதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020-இல் ஒரு ஆய்வு காட்டியது. கடலில் வெயில் காய்ந்த தோலோடு வருகிற நம் தூத்தூர், குளச்சல் மீனவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்காமல் அந்த எண்ணை ஏஐக்குள் ஊற்றக் கூடாது. மாரடைப்பு ஆபத்தும் அப்படித்தான். அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் தொடங்கிய ஆய்விலிருந்து வந்த சூத்திரங்களை உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள், ஆனால் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சராசரியாக ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது. அந்த ஊர்க் கணக்கு இந்த ஊருக்கு அப்படியே பொருந்தாது.

நம் மாநிலத்திலேயே நடப்பது

இதையெல்லாம் படித்துவிட்டு இது வேண்டாத வேலை என்று முடிவு கட்ட வேண்டாம். எனக்கு நம்பிக்கை தருவது தமிழ்நாட்டின் காசநோய்த் திட்டம். காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று 2022-இல் தொடங்கினார்கள். காசநோய் உறுதியானதும் சில எளிய விஷயங்களைப் பார்க்கிறார்கள்: உயரத்துக்கு ஏற்ற எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டுகிறதா, ஆக்சிஜன் 94-க்குக் கீழா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. எக்ஸ்ரே வேண்டாம், ரத்தம் வேண்டாம். இதில் தேறாதவர்களை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். சென்னையிலுள்ள, ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் இதே தமிழ்நாட்டு நோயாளிகளின் பதிவுகளை வைத்து இறப்புக்கான வாய்ப்பைக் கணக்கிடும் முறையை உருவாக்கி, 2025-இல் களப்பணியாளர்கள் பயன்படுத்தும் செயலிக்குள்ளேயே சேர்த்தது. இதில் பிரமாதமான ஏஐ ஒன்றும் இல்லை, புள்ளியியல் சூத்திரம்தான். ஆனால் நம் ஆட்களிடம் கற்றது, நம் ஆட்களுக்கே பயன்படுவது, எண் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்பே முடிவானது. படுக்கை காத்திருக்கிறது. ஆடம்பரமான கருவியை வாங்கி வைத்துவிட்டு அலாரத்துக்கு யார் போவது என்று தெரியாமல் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதே வருடம் மருத்துவத்தில் ஏஐ பயன்படுத்துவதற்கான நெறிமுறைகளை ஐசிஎம்ஆர் வெளியிட்டது. ஏஐ சொன்னாலும் பொறுப்பு மனிதர்களுடையதே என்பது அதிலுள்ள அடிப்படை. உங்கள் கேஸ் ஷீட் மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்குப் போகிறதா, பெயரை நீக்கித்தான் போகிறதா என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கூட இருப்பவர்கள் செய்யக்கூடியது

கணிப்பு ஏஐ போட்டாலும் சிஸ்டர் போட்டாலும், உள்ளே போகும் விவரம் சரியாக இருக்க வேண்டும். அந்த விவரத்தில் பாதி கூட இருக்கும் ஆளிடம்தான் இருக்கிறது. காய்ச்சல் பார்க்க வரும்போது, ஒரு மணி நேரம் முன்னாடி பாராசிட்டமால் கொடுத்தோம் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் குறைந்த காய்ச்சலே பதிவாகும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அட்டையைக் காட்டுங்கள். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் நாடியை மெதுவாக்கும், உடம்பு தத்தளிக்கும்போதும் நாடி ஏறாமல் இருந்து டாக்டரையும் கணினியையும் ஏமாற்றிவிடும். வர்ம வைத்தியரிடம் போய்விட்டு வந்திருந்தால், நாட்டு மருந்து குடித்திருந்தால், திட்டுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். எத்தனை நாள் குடித்தார் என்பது உட்படச் சொல்லுங்கள்.

மூச்சு எண்ண உங்களுக்கே தெரிந்திருந்தால் நல்லது. நோயாளி அமைதியாகப் படுத்திருக்கும்போது, நீங்கள் எண்ணுகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாமல், ஒரு முழு நிமிடம். பெரியவர்களுக்கு 12-இலிருந்து 20 வரை இருக்கலாம். 25-ஐத் தொட்டால், "சிஸ்டர், நான் எண்ணிப் பார்த்தேன், 26 வருது, ஒருக்கா வந்து பாருங்க" என்று போய்ச் சொல்லுங்கள். பேச்சு குழறினாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அதையும் சொல்லுங்கள். 'ஆள் ஒரு மாதிரியா இருக்காரு' என்று வீட்டுக்காரர்கள் சொல்வதை நல்ல டாக்டர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள், அந்தத் தகவலுக்குக் கேஸ் ஷீட்டில் கட்டமே கிடையாது.

அப்புறம், திருவனந்தபுரத்துக்கோ ஆசாரிப்பள்ளத்துக்கோ எழுதிக் கொடுத்தால் ரெஃபர் கடிதத்தோடு கடைசி ஒரு நாளின் பிரஷர், நாடி, மூச்சு எழுதிய சார்ட்டின் நகலையும், ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இறங்கும் நேரத்தில் உள்ள எண்கள் மட்டும் தெரிந்தால் போதாது, அவை எங்கிருந்து ஏறி இறங்கி வந்தன என்பதும் பார்க்கிற டாக்டருக்குத் தெரிய வேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டால் ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு யாராவது ஒருவர் பின்தங்கி நின்று சார்ட்டைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பினாலும் போதும்.